கவர்னருக்கு இருக்குற இம்யூனிட்டி தடுப்பூசி மாதிரியா? அப்போ லஞ்சம் கேக்குற ஆபீசருக்கு?

குடியாத்தம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். குரூப் 2க்கு படிச்சுகினு இருக்கேன், காட்பாடி பக்கம் ஒரு கோச்சிங் சென்டர். போன வாரம் பாலிட்டி கிளாஸ்ல அரசியல் சட்டத்தோட 361வது பிரிவு நடத்துனாங்க, சார் சொன்னாரு ஜனாதிபதியும் கவர்னரும் தடுப்பூசி போட்டவங்க மாதிரி, கேஸ் அவங்கள ஒண்ணும் பண்ணாதுன்னு. எல்லாரும் சிரிச்சுகினே நோட்ல எழுதிகிட்டாங்க. எனக்கு மட்டும் இடிக்குது. அதுக்கு முந்துன நாள்தான் சயின்ஸ்ல படிச்சோம், தடுப்பூசி போட்டா உடம்பு கிருமிய அடையாளம் வெச்சுகினு அடுத்த தடவை வந்தா அடிக்கும்னு. கவர்னர் யாரையும் அடிக்கலயே, அவரை யாரும் தொடக்கூடாதுன்னுதானே 361 சொல்லுது?

இது பரீட்சைக்கு மட்டும் கேக்கல. எங்க தாய்மாமா கூட்டுப்பட்டாவுல இருந்து தனிப்பட்டா பிரிக்க மனு போட்டு அலையறாரு (எந்த ஊரு எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க ப்ளீஸ்), எட்டாயிரம் வெச்சா ஃபைல் நகரும்னு வாய்விட்டே கேட்டுட்டாங்க. புகார் குடுக்கலாம்னு நான் சொன்னேன், டீக்கடையில ஒருத்தர் "கவர்மெண்ட் ஆளு மேல கேஸ் போட மேலிடத்து பர்மிஷன் வேணும், அவங்களுக்கு இம்யூனிட்டி கீது, கடைசியில குடுத்தவன்தான் உள்ள போவான்"னு பயமுறுத்தி விட்டுட்டாரு. மாமா இப்போ காசு ரெடி பண்ணிகினு இருக்காரு. அந்த டீக்கடைக்காரர் சொல்றது உண்மையா?

சத்துவாச்சாரி_வக்கீல்:
தம்பி, முதல்ல மாமாவ காச உள்ள வெக்க சொல்லு, அதை பத்தி கீழ சொல்றேன்.

361ல இருக்குறது மூணு நாலு தனித்தனி விஷயம், எல்லாத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காத. பதவி அதிகாரத்தை பயன்படுத்தி செஞ்சதுக்கு அவரு நேரா கோர்ட்ல பதில் சொல்ல வேண்டியதில்ல. பதவியில இருக்குற வரைக்கும் கிரிமினல் கேஸ் புதுசா தொடங்கவும் முடியாது, பழசு இருந்தா தொடரவும் முடியாது, அரெஸ்ட் வாரண்டும் கெடையாது. சொந்த விஷயத்துல சிவில் கேஸ்னா 2 மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுத்துட்டு போடலாம். அவ்ளோதான். பதவிக்காலம் முடிஞ்ச அன்னிக்கே கிரிமினல் கேஸ் தடை போயிடும். உதாரணத்துக்கு பாபர் மசூதி இடிப்பு கேஸ், 2017ல சுப்ரீம் கோர்ட் மத்த தலைவர்கள் மேல சதி குற்றச்சாட்டை திரும்ப கொண்டாந்தது, உ.பி. முன்னாள் முதல்வர் கல்யாண் சிங் அப்போ ராஜஸ்தான் கவர்னர்ங்கறதால அவரை மட்டும் விட்டு வெச்சாங்க, 2019 செப்டம்பர்ல பதவி முடிஞ்சது, அதே மாசம் அவரு கோர்ட்டுக்கு வந்து பெயில் வாங்கினாரு. (2020ல எல்லாரும் விடுதலை ஆனாங்க, அது வேற கதை.)

இன்னொண்ணு, ஆளுக்கு பாதுகாப்பு இருந்தா அவரு போட்ட உத்தரவுக்கும் பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல. கவர்னர் சிபாரிசுல பீகார் சட்டசபைய கலைச்சது செல்லாதுன்னு 2006ல ராமேஷ்வர் பிரசாத் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. கவர்னரை கூண்டுல ஏத்தல, ஆனா சிபாரிசை பிரிச்சு மேஞ்சுட்டாங்க.

லேப்_அக்கா:
நான் வேலூர்ல லேப் டெக்னீஷியன், இருபது வருஷமா ரத்தம்தான் நமக்கு பொழப்பு. தம்பி உன் சந்தேகம் கரெக்ட், உங்க சார் சொன்னது தப்பான பக்கம் நிக்குது.

உடம்புல போலீஸ் யாருன்னு யோசி. டி செல் (ஒரு வகை வெள்ளை அணு), ஆன்டிபாடி (கிருமிய புடிக்கற புரதம்) எல்லாம் போலீஸ். தடுப்பூசி போடறது போலீஸுக்கு குற்றவாளி போட்டோ குடுக்கற மாதிரி. கவர்னருக்கு கெடைக்கறது அது இல்ல, "இந்த ஆள தொடாதே"ன்னு போலீஸுக்கே வர்ற ஆர்டர். அதுக்கும் உடம்புல ஏற்பாடு இருக்கு. டி செல் மேல பிடி-1னு ஒரு சுவிட்ச் இருக்கு, நம்ம சொந்த திசு பிடி-எல்1ங்கற புரதத்தை காட்டி அந்த சுவிட்சை அமுக்குனா டி செல் அடங்கி திரும்பி போயிடும். ஜப்பான்காரர் ஹோஞ்சோ டீம் 1992ல பிடி-1ஐ கண்டுபுடிச்சாங்க, அவருக்கும் அமெரிக்காவோட ஆலிசனுக்கும் சேத்து 2018ல நோபல். இது தவிர ரெகுலேட்டரி டி செல்னு தனி படையே இருக்கு, மத்த டி செல் வரம்பு மீறாம பாத்துக்கறது அவங்க டியூட்டி, 2025 நோபல் அதுக்குதான். இது இல்லன்னா உடம்பு தைராய்டு, குடல், மூட்டுன்னு தன்னையே அடிச்சுக்கும். ஆக அந்த விலக்கு தேவையானதுதான். பிரச்சனை என்னன்னா கேன்சர் செல்லும் அதே பிடி-எல்1ஐ மேல பூசிகினு நிக்கும், டி செல் கிட்ட வந்து பாத்துட்டு சல்யூட் அடிச்சுட்டு போயிடும்.

வக்கீல் சார், எம்பி ஓட்டுக்கு காசு வாங்குன கேஸ் ஒண்ணு இருந்துச்சே, அது இதே கதைதானே?

சத்துவாச்சாரி_வக்கீல்:
அக்கா சரியான இடத்துல கைய வெச்சீங்க. அரசியல் சட்டத்துல எம்பிக்கு 105(2), எம்எல்ஏவுக்கு 194(2). சபையில பேசுனதுக்கும் ஓட்டு போட்டதுக்கும் கோர்ட் கேள்வி கேக்க முடியாது, பயம் இல்லாம பேசட்டும்னு குடுத்தது. 1993ல நம்பிக்கையில்லா தீர்மானத்துல அரசை காப்பாத்த சில எம்பிங்க காசு வாங்குனதா கேஸ், 1998ல நரசிம்மராவ் கேஸ் தீர்ப்பு 3க்கு 2ன்னு வந்துச்சு, காசு வாங்கிகினு ஓட்டும் போட்டவங்களுக்கு பாதுகாப்பு உண்டாம். காசு வாங்கிட்டு ஓட்டு போடாம இருந்த ஒருத்தருக்கு மட்டும் கெடையாதாம்!! காலேஜ்ல இதை படிச்சப்போ புக்க மூடி வெச்சுட்டு போயிட்டேன். 26 வருஷம் அதுதான் சட்டம். 2024 மார்ச் 4 அன்னிக்கு சீதா சோரன் கேஸ்ல 7 நீதிபதிங்க ஒருமனசா அதை தூக்கி எறிஞ்சாங்க, லஞ்சம்ங்கறது வாங்குன உடனே முடிஞ்சு போன குற்றம், ஓட்டு போட்டியா இல்லையாங்கறது அப்புறம்.

ஆற்காட்டு_பெருசு:
இன்னா நைனா ரெண்டு பேரும் நோபல், நீதிபதின்னு மேலேயே பறந்துகினு கீறீங்க. நான் 31 வருஷம் கவர்மெண்ட்ல குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன். டீக்கடைக்காரன் சொன்னதுல பாதி நெசம்தான். சாங்ஷன் (கேஸ் போட அனுமதி) ஃபைல் டேபிள் டேபிளா தூங்கறத நான் கண்ணால பாத்தவன், யாரை புடிக்கணுமோ அவனுக்கு மேல இருக்குறவன்தான் கையெழுத்து போடணும், ரெண்டு பேரும் ஒரே மெஸ்ல சாப்புடறவங்க. தொடாதேன்னு ஆர்டர் போடறவன் யாருன்னுதான் முதல்ல கேக்கணும். உடம்புல அதை டேபிள்ல உக்காந்து ஒருத்தன் முடிவு பண்றதில்ல, இங்க மனுஷன்தான் பண்றான்.

லேப்_அக்கா:
ஐயா சொல்றது ஞாயம்தான், உடம்பு யாருக்கும் பயந்து கையெழுத்து போடாது. ஆனா அதுக்காக விலக்கே வேணாம்னு சொல்லிடாதீங்க. கேன்சருக்கு அந்த பிடி-1 சுவிட்சை பிளாக் பண்ற ஊசி இப்போ நெறைய குடுக்கறாங்க, சிலருக்கு கட்டி அப்படியே கரையுது, ஆனா சிலருக்கு அதே ஊசியால டி செல் வெறி புடிச்சு நல்ல தைராய்டையும் குடலையும் சேத்து அடிக்குது. அதனாலதான் நடுவுல நடுவுல தைராய்டு டெஸ்டுக்கு எங்ககிட்ட ரத்தம் வரும்.

அதுக்கு நேர் எதிர் கோடியில இருக்கறது கிட்னி மாத்துனவங்க. நம்ம ஊர் காந்தி ரோட்டு லாட்ஜுங்கள்ல மாஸ்க் போட்டுகினு மாசக்கணக்குல தங்கியிருக்குற வெளிமாநில குடும்பங்கள பாத்திருப்பீங்க, அதுல நெறைய பேரு கிட்னி மாத்தி வந்தவங்க. உடம்பு புது கிட்னிய அடிக்காம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருக்கா, ரத்தத்துல அந்த மருந்து லெவல் பாக்க வர்றப்போ காலை மாத்திரைய போடாம கையில வெச்சுகினு வரணும், ரத்தம் குடுத்தப்புறம் எங்க கவுன்டர் முன்னாடியே தண்ணி வாங்கி முழுங்குவாங்க. மறந்து போட்டுட்டு வந்தா ரிசல்ட் பொய் சொல்லும், அன்னிக்கு திருப்பி அனுப்பிடுவோம். லெவல் கொறஞ்சா உடம்பு புது கிட்னிய அடிக்கும், ஏறிப்போச்சுன்னா அதே மாத்திரை கிட்னிய கெடுக்கும், காசநோய், பூஞ்சை எல்லாம் உள்ள பூந்துடும். ஒரு கிட்னிக்கு விலக்கு குடுக்க மொத்த போலீஸையும் தூங்க வெக்க வேண்டியிருக்கு, அதான் கஷ்டம்.

விருதம்பட்டு_அம்மா:
குறுக்க கேக்கறேன் மன்னிச்சுக்கோங்க, அக்கா லேப்னு பாத்தேன் அதான். நேத்து சாயங்காலம் என் பையனை தெரு நாய் கடிச்சிடுச்சு, முழங்கால்கிட்ட லேசா ரத்தம். போன வருஷம் ஒரு நாய் கடிச்சு ஊசி எல்லாமே முடிச்சிருக்கோம், அது இன்னும் உடம்புல இருக்குமில்ல, திரும்ப போடணுமா?

லேப்_அக்கா:
அம்மா நேத்து சாயங்காலமா?? இதை படிச்ச உடனே கெளம்புங்க, அடுக்கம்பாறையோ பக்கத்துல எந்த ஜிஎச்சோ. சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவினீங்களா? இல்லன்னா இப்பவும் கழுவிட்டு போங்க, மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க. முன்னாடி முழு கோர்ஸ் போட்டிருந்தா பொதுவா பூஸ்டர் ரெண்டே ஊசி, போற அன்னிக்கு ஒண்ணு, அதுல இருந்து மூணு நாள் கழிச்சு ஒண்ணு, காயத்துல போடற இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. பழைய சீட்டு இருந்தா கையோட எடுத்துகினு போங்க, முடிவு டாக்டர் சொல்லட்டும்.

குடியாத்தம் தம்பி, நீயும் இதை நோட்ல எழுதிக்கோ. முதல் தடவை ரத்தம் வர்ற கடி கடிச்சா காயத்தை சுத்தி போடறது வேற ஒருத்தர் உடம்புலயோ குதிரை உடம்புலயோ தயாரான ஆன்டிபாடி, உடனே வேலை செய்யும், கொஞ்ச நாள்ல கரைஞ்சிடும். கையில போடற தடுப்பூசி நம்ம உடம்பையே தயாரிக்க வெக்கறது, நேரம் எடுக்கும் ஆனா ஞாபகம் நிக்கும், அதான் இந்த பையனுக்கு ரெண்டு ஊசி போதும்ங்கறது. அம்மாகிட்ட இருந்து கொழந்தைக்கு வர்றதும் முதல் வகைதான், சில மாசத்துல தீர்ந்துடும், அதனாலதான் தட்டம்மை ஊசிய 9 மாசம் முடிஞ்சு போடறாங்க. உங்க சார் கவர்னரை எதோடயாவது ஒப்பிட்டே ஆகணும்னா கடன் வாங்குன ஆன்டிபாடின்னு சொன்னா கூட காலாவதி ஆகுற விஷயத்துல ஓரளவுக்கு பொருந்தும்.

விருதம்பட்டு_அம்மா:
கெளம்பிட்டோம், ரொம்ப நன்றி மா. சீட்டு கெடச்சுது.

சத்துவாச்சாரி_வக்கீல்:
சரி மாமா விஷயத்துக்கு வரேன். பெருசு சொன்ன சாங்ஷன் நெசம். ஊழல் தடுப்பு சட்டம் 19வது பிரிவு, கோர்ட் கேஸை எடுக்கறதுக்கு முன்னாடி அரசு அனுமதி வேணும். 2018 திருத்தத்துக்கு அப்புறம் ரிட்டயர் ஆனவங்களுக்கும் அது உண்டு, கவர்னருக்கு பதவியோட போறது இவங்களுக்கு கூடவே வருது, பாருங்க. அதே திருத்தத்துல வந்த 17ஏ, பதவியில எடுத்த முடிவு சம்பந்தமா விசாரிக்கவே முன் அனுமதி கேக்குது. மத்த குற்றங்களுக்கு பழைய குற்றவியல் நடைமுறை சட்டம் 197, இப்போ அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 218, அதுல 120 நாளுக்குள்ள அரசு முடிவு எடுக்கலன்னா அனுமதி குடுத்ததா எடுத்துக்கணும்னு வந்திருக்கு, பெருசு சொன்ன டேபிள் தூக்கத்துக்கு இதுதான் மருந்து, எவ்ளோ வேலை செய்யும்னு பாக்கலாம்.

ஆனா டீக்கடைக்காரர் விட்டது இது. லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமா புடிக்கறதுக்கு 17ஏ அனுமதி தேவை இல்லன்னு அந்த பிரிவுலயே எழுதியிருக்கு. குடுத்தவன் உள்ள போவான்ங்கறது? ஆமா, 8வது பிரிவுல லஞ்சம் குடுக்கறவருக்கு 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, ஆனா கட்டாயத்துல குடுத்தவர் 7 நாளுக்குள்ள புகார் சொல்லிட்டா அது பொருந்தாது, முன்னாடியே சொல்லிட்டு அவங்க பிளான்படி குடுத்தா சுத்தமா பொருந்தாது. இந்த கேஸ்ல மாமாவுக்குதான் இம்யூனிட்டி. சும்மா குடுத்துட்டு வாய மூடிகினு இருந்தாதான் போயிடும்.

குடியாத்தம்_பையன்:
சார் இதை அப்படியே மாமாவுக்கு படிச்சு காட்டினேன். நேரா வேலூர் லஞ்ச ஒழிப்பு ஆபீஸுக்கே போறேங்கறாரு. ஆனா ஒரே கேள்வி கேக்குறாரு, எட்டாயிரம் யார் காசு, திரும்ப வருமா?

ஆற்காட்டு_பெருசு:
அவரு காசுதான் எடுத்துகினு போவணும். ஒவ்வொரு நோட்டு நம்பரையும் எழுதிகினு மேல பினாப்தலின் பவுடர் தடவுவாங்க, வேற டிபார்ட்மென்ட் ஸ்டாஃப் ரெண்டு பேரு சாட்சி. ஒருக்கா என்னையே சாட்சிக்கு இட்டுனு போனாங்க. வாங்குனவர் கைய சோடியம் கார்பனேட் தண்ணியில விட சொன்னாங்க பாரு, வெள்ளைத் தண்ணி ரோஸ் கலரா மாறிச்சு, அந்தாளு மொகம் வெளுத்துச்சு, அதே தண்ணிய பாட்டில்ல ஊத்தி அரக்கு வெச்சு சீல் போட்டாங்க. மாமாகிட்ட சொல்லு, பவுடர் தடவுனப்புறம் அந்த நோட்ட அவங்க கேக்கறதுக்கு முன்னாடி தானா நீட்டக்கூடாது. கேட்டப்புறம்தான் குடுக்கணும், கேக்காம திணிச்சா கேஸ் கோர்ட்ல நிக்காது.

சத்துவாச்சாரி_வக்கீல்:
பெருசு கரெக்ட், கேட்டதுக்கு நிரூபணம் இல்லாம நோட்டு மட்டும் கெடச்சு விடுதலை ஆன கேஸ் நெறைய. அந்த நோட்டு கோர்ட்ல சாட்சிப் பொருளா இருக்கும், அதுக்கு பதிலா மாமாவுக்கு அரசு காசு குடுக்குற ஏற்பாடு இருக்கு, புகார் குடுக்கும்போதே அங்க கேட்டுக்கட்டும். மனு போட்ட ரசீது, எத்தனாம் தேதி யாரு கேட்டாங்க, என்ன வார்த்தையில கேட்டாங்க, இதை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துகினு போக சொல்லு. வேண்டப்பட்டவங்கன்னு கூட யார்கிட்டயும் முன்னாடி சொல்ல வேணாம், அந்த டீக்கடையில சுத்தமா வேணாம்.