கலைச்சொல் வேண்டும்: சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கு முன் திருப்பிவிடும் அந்தக் கம்பிக்கு

இயன்முறைக்காரி, அஸ்தம்பட்டி
திங்கள், இரவு 9:10

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு சேலத்தில் ஒரு சிறு பயிற்சி வைத்திருக்கிறோம். மின்சார சக்கர நாற்காலி வைத்திருக்கும் 15 வீட்டார் வருகிறார்கள். சின்னக் கோளாறுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய 8 பக்கக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் இல்லை. பேட்டரி, சார்ஜர், ஜாய்ஸ்டிக் எல்லாம் அப்படியே இருக்கின்றன. "சார்ஜர் செருகியிருந்தால் வண்டி நகராது, அது கோளாறு இல்லை", "சுவிட்சைப் போடும்போது ஜாய்ஸ்டிக்கில் கை பட்டிருந்தால் வண்டி அடம்பிடிக்கும், அணைத்து, கையை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்பவையெல்லாம் தானாகவே தமிழில் வந்துவிட்டன.

மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான். பின்சக்கரத்தின் பக்கம், மோட்டாரை ஒட்டி, சின்னதாக ஒரு கம்பி இருக்கும். பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்று. அதைத் திருப்பிவிட்டால்தான் வண்டியைக் கையால் தள்ள முடியும். பழையபடி திருப்பினால்தான் மோட்டாரில் ஓடும். ஆங்கிலக் கையேட்டில் உள்ள பெயரை அப்படியே பெயர்த்தால் 'கட்டற்ற சக்கர நெம்புகோல்' என்று வருகிறது. படித்த என் அம்மா, "சக்கரம் கழண்டு போயிருமா?" என்று கேட்டார். உதவுங்கள்.

புலவர், ஆத்தூர்
திங்கள், இரவு 10:25

அம்மா, நல்ல வேளை கேட்டீர்கள். 'கட்டற்ற' என்பது வேண்டவே வேண்டாம். அது கவிதைக்கும் மென்பொருளுக்கும் போய்விட்ட சொல்.

மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், அவிழ்த்து விடுகிறோம். இழுக்கும் விசை வண்டியோடு சேர்ந்திருப்பது பூட்டு, பிரிந்திருப்பது அவிழ்ப்பு. இங்கே மோட்டார்தான் மாடு. ஆகவே அந்தக் கம்பி 'அவிழ்கோல்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், ஐந்தெழுத்தில் முடிகிறது.

பிரேக்குக்கும் சொல் இருக்கிறது. தேர்ச் சக்கரத்தின் அடியில் கொடுப்பது முட்டுக்கட்டை. சுருக்கி 'முட்டு' என்று போடலாம்.

காயில்கட்டி, செவ்வாய்ப்பேட்டை
செவ்வாய், காலை 7:40

ஐயா, பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும். மூட்டு வலிக்காரர்கள் படிக்கிற புத்தகத்தில் 'முட்டு தேய்ந்துவிட்டது' என்று எழுதினால் டாக்டரிடம் போய்விடுவார்கள்.

பழுதுபார்க்க என் கடைக்கு வருகிறவர்கள் அந்தக் கம்பியை 'நியூட்ரல்' என்பார்கள். சிலர் 'ஃப்ரீ' என்பார்கள். "அண்ணா, வண்டி ஓடவே மாட்டேங்குது" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் கம்பி நியூட்ரலில் இருக்கும். பத்தில் இரண்டு வண்டியாவது இப்படித்தான். திருப்பிப் போட்டு அனுப்பிவிடுவேன், காசு வாங்க மாட்டேன்.

சொல்லாய்வன், பெங்களூரு
செவ்வாய், காலை 11:05

மக்கள் நாவில் இருப்பதே சொல். நியூட்ரல் என்றே போடலாம் என்பது என் வாக்கு. தூய்மைக்காக ஒரு நோயாளியை அகராதி புரட்ட வைப்பது அறமில்லை.

(எனக்கும் சேலம்தான் ஊர். 1916-இல் இதே ஊரில் இராஜாஜி அறிவியல் சொல்லாக்கத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் ஆக்கிய சொற்களில் வடமொழி கூடிவிட்டது என்று பிற்பாடு எவ்வளவு சண்டை! நூறாண்டுக்கு மேலாகியும் நாம் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.)

இயன்முறைக்காரி, அஸ்தம்பட்டி
செவ்வாய், மதியம் 1:30

நியூட்ரல் என்றுதான் நானும் முதலில் எழுதினேன். பிறகு கையேட்டைத் திருப்பிப் பார்த்தால், ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்பதையும் நியூட்ரல் என்று எழுதியிருக்கிறேன். சார்ஜர் செருகும் பிளக் பாயிண்டைச் சோதிக்கும் பக்கத்தில் பேஸ், நியூட்ரல் வேறு வருகிறது. ஒரே கையேட்டில் மூன்று நியூட்ரல். "நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள்" என்று எழுதினால் எதைப் பார்ப்பார்கள்? டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

சொல்லாய்வன், பெங்களூரு
செவ்வாய், மதியம் 1:52

ஒப்புக்கொள்கிறேன். என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அவிழ்கோலும் சரியில்லை. அவிழ் என்பது தன்வினையும் ஆகும், பிறவினையும் ஆகும். முடிச்சு அவிழ்ந்தது, முடிச்சை அவிழ்த்தான். அவிழ்கோல் என்றால் தானே அவிழும் கோல் என்று ஏன் படிக்கக் கூடாது? அந்தக் கம்பி தானாகக் கழன்றுகொள்ளும் என்ற பொருள் வந்தால் விபரீதம்.

புலவர், ஆத்தூர்
செவ்வாய், இரவு 8:15

தம்பி, சுடுசோற்றில் சோறு சுடுகிறது. சுடுகாட்டில் காடா சுடுகிறது? வினைத்தொகை எந்த உறவையும் தாங்கும். 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்று தொல்காப்பியர் சொன்னது சும்மா இல்லை.

பேச்சு வந்ததால் ஒன்று. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஊரை எல்லோரும் ஏரி + காடு என்று பிரிக்கிறார்கள். ஏரிக்காடு எப்படி ஏற்காடு ஆகும்? றகரம் எங்கிருந்து வந்தது? ஏல் + காடு என்று பிரித்தால் கல் + கோயில் கற்கோயில் ஆவது போல ஏற்காடு ஒழுங்காக வந்து நிற்கும். ஏல் என்றால் பொருந்து. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் காடு. இதைப் பற்றித் தனியே 12 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், விரும்புவோர் கேட்டால் அனுப்புகிறேன்.

மலைக்காரி, நாகலூர்
செவ்வாய், இரவு 9:30

ஐயா, நாங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். எங்களுக்கு அது ஏரிதான். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பளிச்சென்று தெரியாது என்று அதே தொல்காப்பியர்தான் சொல்லியிருக்கிறார்.

நான் வேறொன்று சொல்ல வந்தேன். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு வருடமாக இந்த வண்டிதான். போன ஐப்பசியில் வாசற்படியைத் தாண்டித் தள்ள வேண்டியிருந்தது. தம்பி இரண்டு கம்பியையும் திருப்பித் தள்ளி இறக்கினான். திரும்பப் போடவில்லை. போன் வந்தது, உள்ளே போய்விட்டான். அப்பா வழக்கம்போல, ஜாய்ஸ்டிக்கை விட்டால் வண்டி நின்றுவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி மெதுவாகத்தான் கிளம்பியது. காபிக் களத்தைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக்கில் போய் முட்டி நின்றது. கால்மிதி வளைந்தது, முட்டி சிராய்த்தது, அவ்வளவுதான். அந்த மரம் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் இரவில் நினைப்பு வரும்.

அதனால் பெயர் அழகாக இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். கம்பியைத் திருப்பிவிட்டால் பிரேக் போய்விட்டது என்று அந்தப் பெயர் சொல்ல வேண்டும். அவிழ்கோல் அதைச் சொல்லவில்லை. நியூட்ரலும் சொல்லவில்லை.

காயில்கட்டி, செவ்வாய்ப்பேட்டை
செவ்வாய், இரவு 10:20

அக்கா சொல்வதுதான் விஷயமே. நிறையப் பேருக்கு இது புரிவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சைக்கிளில், காரில், நாம் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இந்த நாற்காலியில் தலைகீழ். சும்மா நிற்கும்போது ஸ்பிரிங் அழுத்திப் பிரேக் பிடித்தே இருக்கும். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் கரண்ட் போய்க் காந்தம் இழுத்து பிரேக்கை விலக்கும். 'டக்' என்று கேட்கிறதே, அதுதான். கையை எடுத்தால் நின்று, மறுபடி 'டக்'. ஓடும்போது பேட்டரி செத்தாலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கம்பி அந்த ஏற்பாட்டையே கெடுக்கிறது. சில வண்டியில் மோட்டாரையும் கியரையும் பிரிக்கும், சிலதில் பிரேக்கை மட்டும் விலக்கும். எது ஆனாலும் சரிவில் வண்டியைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆளோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல். கையால் பிடித்து நிறுத்துவது நடக்காத காரியம்.

கம்பி திரும்பியிருப்பது தெரிந்தால் நிறைய வண்டியில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓட விடாது, விளக்கு சிமிட்டும். நான் அதிகம் பார்க்கிற ஒரு வகைப் பெட்டியில் 9 கண்சிமிட்டு என்றால் பிரேக் சமாசாரம், 7 என்றால் ஜாய்ஸ்டிக், 2-ம் 4-ம் மோட்டார் ஒயர் கழன்றது. வேறு கம்பெனிக்கு எண் மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 9 வந்தால் முதலில் கம்பியைப் பாருங்கள், அப்புறம் கடைக்கு வாருங்கள்.

அப்படியே பேட்டரிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக மாட்டி 24 வோல்ட். சும்மா நிற்கும்போது மீட்டரில் 25 காட்டினால் நன்றாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. ஒருவர் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது 20-க்கு விழுந்தால் பேட்டரி முடிந்தது, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. பூத்திருந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கி, சுவிட்சை அணைத்து, மைனஸைக் கழற்றிவிட்டுத் துடைக்கணும். ஃபியூஸ் போனால் தயவுசெய்து கம்பி முறுக்கிப் போடாதீர்கள்.

சொல்லாய்வன், பெங்களூரு
செவ்வாய், இரவு 10:41

'கண்சிமிட்டு'! கோளாறு எண்ணுக்கு என்ன சொல் என்று நாங்கள் அலுவலகத்தில் மூன்று மாதம் அடித்துக்கொண்டோம். இங்கே ஒருவர் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போகிறார், யாரும் எதிர்க்கவில்லை.

வேலணையான், ஸ்கார்பரோ
புதன், காலை 6:15

சுவிட்சுக்கு எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஆளி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது. 'விடுவிப்பு ஆளி' எப்படி?

காயில்கட்டி, செவ்வாய்ப்பேட்டை
புதன், காலை 7:30

அது சுவிட்ச் இல்லை ஐயா, வெறும் கம்பி. கரண்டே அதில் இல்லை.

மலைக்காரி, நாகலூர்
புதன், காலை 9:00

எங்கள் வீட்டில் பிறகு ஒரு வழக்கம் வந்தது. கம்பியைத் திருப்பினால் "வண்டி தள்ளுல இருக்கு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அம்மா வைத்த சட்டம். தள்ளில் இருக்கிறது என்றால் கை வண்டியில் இருக்க வேண்டும், விடக் கூடாது என்று பொருள். 'தள்ளுநிலை' என்று போட்டால் என்ன? மோட்டாரில் ஓடுவது 'ஓட்டுநிலை'.

அழகான சொல் இல்லைதான். ஆனால் எங்கள் மலைப்பாதையில் 20 வளைவிலும் 'கொண்டை ஊசி வளைவு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்ததுதான். கொண்டை ஊசி எல்லோர் தலையிலும் இருந்ததால் நிலைத்துவிட்டது. தள்ளுவதும் எல்லோர் கையிலும் இருக்கிறது.

இயன்முறைக்காரி, அஸ்தம்பட்டி
புதன், மதியம் 2:10

எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பிக்குத் தனிப் பெயரே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. நிலைக்குப் பெயர் வைத்தால் போதும். "கம்பி தள்ளுநிலையில் இருந்தால் பிரேக் பிடிக்காது" என்று எழுதிப் பார்த்தேன், அம்மா ஒரே மூச்சில் படித்துவிட்டார்.

புலவர், ஆத்தூர்
புதன், இரவு 9:20

நிலைக்குப் பெயர் வைத்துவிட்டுப் பொருளைப் பெயரில்லாமல் விடுவது ஊருக்குப் பெயர் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு வைக்காதது போல. நாளைக்கு அந்தக் கம்பி உடைந்து கடையில் போய் என்ன கேட்பார்கள்? 'தள்ளுநிலைக்கு மாற்ற உதவும் கம்பி கொடுங்கள்' என்றா?

தள்ளு என்பதற்குப் பிடித்துத் தள்ளு, விலக்கு, நீக்கு என்று பல பொருள். தள்ளுபடி, தள்ளுமுள்ளு எல்லாம் காதில் விழுகின்றன. அவிழ்கோலை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். நன்னூலில் இருக்கும் 'பழையன கழிதலும்' சூத்திரத்தைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம், அதை நானே 30 ஆண்டு நடத்தியிருக்கிறேன்.

சொல்லாய்வன், பெங்களூரு
வியாழன், காலை 10:00

கடையில் என்ன கேட்பார்கள் என்பது நியாயமான கேள்வி. 'தள்ளுகம்பி' என்று கேட்கட்டும். ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. தள்ளுக்கம்பி என்று யாராவது அச்சடித்தால் நான் பொறுப்பல்ல. தள்ளுநிலையில் 'நிலை' என்பது ந வரிசையில் தொடங்குவதால் அந்தச் சண்டையிலிருந்து தப்பித்தது.

நாளை காலை அச்சு. வாக்கெடுப்பு போதும் என்று நினைக்கிறேன். தள்ளுநிலைக்கு நான்.

வேலணையான், ஸ்கார்பரோ
வியாழன், காலை 10:12

நானும். ஆளியை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இயன்முறைக்காரி, அஸ்தம்பட்டி
வியாழன், இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் தள்ளுநிலை, ஓட்டுநிலை, தள்ளுகம்பி, கண்சிமிட்டு என்று போட்டுவிட்டேன். புலவர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் தள்ளுகம்பிக்கு எதிரே 'அவிழ்கோல் என்றும் சொல்லலாம்' என்று சேர்த்திருக்கிறேன். மலைக்காரி அக்கா வீட்டுச் சட்டம் பெட்டிச் செய்தியாக முதல் பக்கத்தில் வருகிறது: தள்ளுநிலைக்கு மாற்றுமுன் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஒருவர் கை பிடியில் இருக்க வேண்டும், முடிந்ததும் இரண்டு கம்பியையும் திருப்பிப் போட்டு, வண்டியை ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். நகராவிட்டால்தான் சரி.

ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. கம்பிக்குப் பக்கத்தில் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கிறோம். 'நிலை' போட இடமில்லை. 'தள்ளு', 'ஓட்டு' என்று போட்டால் போதுமா?

புலவர், ஆத்தூர்
வியாழன், இரவு 9:05

'என்றும் சொல்லலாம்' என்பது தோற்றவனுக்குக் கொடுக்கும் சால்வை. இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்தானே?

காயில்கட்டி, செவ்வாய்ப்பேட்டை
வியாழன், இரவு 9:50

'ஓட்டு' என்று ஒட்டினால் எந்தச் சின்னத்துக்கு என்று கேட்பார்கள். கடையில் நேற்று ஒருவரிடம் காட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே கேட்டார்.

நான் இப்படிச் செய்கிறேன். 'தள்ளு' மட்டும் சிவப்பில் பெரிதாக, பக்கத்தில் 'பிரேக் இல்லை' என்று. மறுபக்கம் பச்சைப் பட்டை ஒட்டுகிறேன், எழுத்து எதுவும் இல்லாமல். 40 ஸ்டிக்கர் வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிறு காலையில் கொண்டு வருகிறேன்.