பக்கியில் இரண்டு ரேடியோ ஆன்டெனா, எங்கே பொருத்துவது?

சாட்ஸ்வொர்த் பக்கி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது டபுள் கேப் பக்கி (பிக்கப் வண்டி), பின்னால் சாமான் தட்டை மூடுகிற ஃபைபர் கேனப்பி. அடுத்த மாதம் நண்பர்கள் நாலு வண்டியில் லெசோத்தோவுக்குப் போகிற சானி பாஸ் மலைப்பாதை ஏறுகிறோம், எல்லோரிடமும் வண்டிக்கு வண்டி பேசுகிற 29 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ செட் இருக்கிறது, என்னிடம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இருப்பதால் 2 மீட்டர் அலைநீள விஎச்எஃப் செட்டும் போட ஆசை. போன சனிக்கிழமை 29-க்கான ஆன்டெனாவைக் கேனப்பி மேலேயே துளை போட்டு நிறுத்தினேன். இரவல் வாங்கிய மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (அனுப்புகிற பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) 3-க்குக் கீழே இறங்கவே இல்லை, கம்பியை இரண்டு தடவை வெட்டியும் அப்படியேதான். கேபிள் கோளாறா, ஆன்டெனாவே மட்டமா? கூரையில் துளை போட மனசு வரவில்லை, வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை.

மாரிட்ஸ்பர்க் மலையேறி:
தம்பி, இனி வெட்டாதீங்க! ஆன்டெனாவில் குறை இல்லை, அது நிற்கிற இடம்தான் தப்பு. மேலே தெரிகிற கம்பி பாதி ஆன்டெனாதான், மறுபாதி அதற்குக் கீழே இருக்க வேண்டிய தகரம். ஃபைபரில் கரண்ட் ஓடாது, அதனால் உங்கள் கம்பிக்கு மறுபாதியே இல்லை. 29-இல் கால் அலை, அதாவது அலைநீளத்தில் கால் பங்கான முழுக் கம்பி, ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வரும், கடையில் கிடைப்பது காயில் சுற்றிக் குட்டையாக்கியது, அந்தக் குட்டைக் கம்பி தகரத்தை இன்னும் அதிகமாக நம்பியிருக்கிறது.

பானட் ஓரத்தில், ஃபெண்டருக்கு உள்பக்கம் போல்ட்டில் மாட்டுகிற பிராக்கெட் வாங்குங்கள், துளையே வேண்டாம். ஆனால் பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் பளபளவென்று தெரிய வேண்டும். நான் முதல் தடவை சுரண்டாமலே முறுக்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கேபிளைச் சந்தேகப்பட்டேன். மல்டிமீட்டரில் ஒரு முள்ளைப் பிராக்கெட்டிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்தால் 'பீப்' கேட்க வேண்டும். அப்புறம் துரு ஏறாமல் சுற்றிலும் கிரீஸ் தடவிவிடுங்கள். எஸ்டபிள்யூஆர் 3 என்றால் அனுப்புகிற பவரில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம், அந்த நிலையில் ரொம்ப நேரம் பேசினால் செட் சூடாகும்.

மாட்டிய பிறகு கீழ் சானலிலும் மேல் சானலிலும் அளந்து பாருங்கள். கீழ் சானலில் அதிகமாகக் காட்டினால் கம்பி குட்டை. அடியில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் மேலே இழுத்தால் வெட்டியதை ஓரளவு ஈடுகட்டலாம்.

ஃபீனிக்ஸ் ஹாம்:
அண்ணன் சொன்னது சரி. விஎச்எஃப்-க்குக் கால் அலை அரை மீட்டர்தான், காந்த அடி வைத்த ஆன்டெனாவைக் கேபின் கூரை நடுவில் வையுங்கள், எல்லாப் பக்கமும் தகரம் சமமாகக் கிடைக்கும், துளையும் வேண்டாம். காந்தத்துக்கு அடியில் மண் இருந்தால் குலுங்குகிற கல் ரோட்டில் பெயின்ட்டை அறுத்துவிடும், ஒவ்வொரு நாள் காலையும் துடைத்து வையுங்கள். இரண்டு ஆன்டெனாவும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, பக்கத்தில் இருந்தால் ஒன்றில் பேசும்போது மற்ற செட் செவிடாகிவிடும்.

கரன்டை சிகரெட் லைட்டரிலிருந்து எடுக்காதீர்கள். நான் எடுத்து, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம். பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டதும் நின்றது. சானி வளைவுகளில் மலை மறைத்தால் விஎச்எஃப் சட்டென்று அறுந்துபோகும், வண்டிக்கு வண்டி பேச 29-ஐயே நம்புங்கள்.

சாட்ஸ்வொர்த் பக்கி:
அண்ணே, இன்று பிராக்கெட் மாட்டினேன், சுரண்டிவிட்டுத்தான். கம்பியை இரண்டு சென்டிமீட்டர் மேலே இழுத்த பிறகு நடு சானலில் 1.4! ரொம்ப நன்றி. கேனப்பியில் போட்ட துளையை எப்படி அடைப்பது, மழைத்தண்ணீர் இறங்குமே?

மாரிட்ஸ்பர்க் மலையேறி:
ரப்பர் அடைப்பான் ஒன்று, சுற்றிலும் சிலிகான். ஒரு இரவு காயவிட்டு மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.