பதில்: தொழில் ஓய்ந்த ஆற்றங்கரையை மீண்டும் வாழவைப்பதற்கு என்ன சொல்?

சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சீர்கெட்ட நகரப் பகுதியை மீண்டும் வாழவைக்கும் ‘அர்பன் ரீஜெனரேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு, அதிலும் ஆலைகள் மூடிப்போன ஆற்றங்கரைகளுக்கு, இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன: புத்துயிர்ப்பு, மறுமலர்ச்சி, இழப்பு மீட்டல், கரை மீட்பு, அழகுபடுத்தல். அகராதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஐந்துமே நன்றாகத்தான் தோன்றும். இந்த வேலை உண்மையில் நடந்த ஓர் ஊரின் மேல் வைத்துப் பார்ப்போம். நான் பில்பாவோவை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்பெயினின் வடக்கில், பாஸ்க் பகுதியில், நெர்வியோன் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள ஊர் அது. சுற்றியுள்ள மலைகளில் இரும்புத்தாது; கரை நெடுக உருக்காலைகள், கப்பல் கட்டும் தளங்கள், சரக்கு ரயில் தண்டவாளங்கள். ஊர்ச் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து, 1970களில் அந்த நீரில் மீன் பிழைக்கும் அளவுக்குக்கூட உயிர்வளி இல்லை. பிறகு தொழிலும் சரிந்தது. 1983 ஆகஸ்டில் வந்த வெள்ளம் பழைய நகரத்தை நாசமாக்கியது. எவுஸ்கால்துனா கப்பல் தளத்தை மூடக்கூடாது என்று தொழிலாளர்கள் 1984இல் போலீசாரோடு மோதினார்கள். 1988இல் அது மூடப்பட்டது. ஆல்தோஸ் ஓர்னோஸ் உருக்காலையின் உலை 1996இல் அணைந்தது.

1997 அக்டோபரில் கூகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஃபிராங்க் கெரி வடிவமைத்த அந்தக் கட்டடம் ஒன்றே ஊரைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆனால் கழிவுநீரைச் சரிசெய்யும் திட்டம் 1979லேயே தொடங்கிவிட்டது. அருங்காட்சியகத்துக்கு ஆனதைப் போலப் பல மடங்கு பணம், யார் கண்ணுக்கும் படாத குழாய்களிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் செலவானது. துறைமுகம் ஊருக்குள்ளிருந்து கடல்வாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தது. மெட்ரோ 1995இல் ஓடத் தொடங்கியது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது நிலம் கைமாறிய விதம். 1992இல் ‘பில்பாவோ ரியா 2000’ என்ற பொது நிறுவனம் உருவானது. பாதிப் பங்கு மத்திய அரசுத் தரப்புக்கு, பாதி பாஸ்க் தரப்புக்கு. ரயில்வேயும் துறைமுகமும் சும்மா கிடந்த நிலத்தைக் கொடுத்தன. நகராட்சி அதன் பயன்பாட்டு வகையை மாற்றிக்கொடுத்தது. நிறுவனம் மண்ணைச் சீர்செய்து, ஒரு பகுதியைக் கட்டுமானக்காரர்களுக்கு விற்று, வந்த பணத்தை அடுத்த வேலையில் போட்டது. கூகன்ஹைம் நிற்கும் அபந்தோய்பார்ரா கரை உருவான வழி இதுதான்.

இனி நம் சொற்களுக்கு வருகிறேன்.

குழுவில் ஒருவர் எழுதியது: புத்துயிர்ப்பு கேட்க இனிமையாக இருக்கிறது. மறுமலர்ச்சியும் அப்படியே. மக்கள் உடனே ஏற்பார்கள்.

இனிமையை மறுக்கவில்லை. ஆனால் உயிர்த்தல், மலர்தல், நண்பர் ஒருவர் கூடுதலாகச் சொன்ன துளிர்த்தல், மூன்றுமே தன்வினை. பூ தானாக மலரும். கரை தானாக மலராது. யாரோ முடிவெடுத்தார்கள், யாரோ பணம் போட்டார்கள், யாருடைய நிலமோ கைமாறியது, யாருக்கோ வேலை போனது. தன்வினைச் சொல்லைப் போட்டால் இந்த ‘யாரோ’ மறைந்துவிடுகிறார். திட்டமிட்டுச் செய்யும் வேலைக்குப் பிறவினைதான் பொருந்தும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

‘இழப்பு மீட்டல்’ உயிரியல் பாடநூலில் உள்ள சொல். பல்லிக்கு வால் மறுபடி வளர்வது அது. போனது எதுவோ அதுவே திரும்பி வரவேண்டும். பில்பாவோவில் கப்பல் தளம் இருந்த இடத்தில் கப்பல் தளம் வரவில்லை; 1999இல் இசையரங்கும் மாநாட்டு மண்டபமும் வந்தன. பழைய தளத்தில் நினைவாக நிற்பது ‘கரோலா’ என்ற சிவப்புப் பளுதூக்கி. (நாள்தோறும் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் பெயர் அது என்று ஊரில் சொல்வார்கள்.) எனவே பல்லி வால் உவமை இங்கே செல்லாது.

‘கரை மீட்பு’ என்றால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் வாசகர் மனத்தில் ஆக்கிரமிப்பு அகற்றம்தான் வரும். பொக்லைன் வந்து குடிசையை இடிக்கும் காட்சி. அந்தப் பொருளை இந்தச் சொல்லோடு நாமே கட்டிவைப்பது தவறு. ‘அழகுபடுத்தல்’ பற்றி நீட்ட வேண்டியதில்லை: நடைபாதையும் விளக்கும் போட்டாலே வேலை முடிந்தது என்று அது சொல்கிறது.

என் பரிந்துரை மறுவாக்கம். ஆற்றங்கரை மறுவாக்கம், நகர மறுவாக்கம் என்று முன்னொட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆக்குதல் பிறவினை, செய்தவரைக் கேட்கும் வினை. ‘மறு’ என்பதில் ‘மீண்டும்’ என்ற பொருளோடு ‘வேறு’ என்ற பொருளும் இருக்கிறது. மறுபிறவி, மறுகரை என்பதுபோல. அதே இடம், வேறு வாழ்வு.

அடுத்து, ஆலை ஓய்ந்தபின் பெரும்பாலும் மாசோடு சும்மா கிடக்கும் நிலத்தைக் குறிக்கும் ‘பிரவுன்ஃபீல்டு’ என்ற ஆங்கிலச் சொல். ‘பழுப்பு நிலம்’ வேண்டவே வேண்டாம். செம்மண், கரிசல் என்று நிறத்தால் மண்ணை அறிபவர்கள் நாம். அதையும் ஒரு மண்வகை என்றே எடுத்துக்கொள்வோம். ‘ஆலைத்தரிசு’ என்று சொல்லிப் பார்த்தேன். ஆலை ஓய்ந்து கிடக்கும் நிலம் என்பது கேட்டதும் புரிகிறது. ஒரு குறை: தரிசு என்றால் உழுதால் போதும் என்று தோன்றும், ஆலைத்தரிசில் நச்சு இருக்கும். அதனால் மாசு உறுதிப்பட்ட இடத்தை ‘நச்சு ஆலைத்தரிசு’ என்று பிரிக்கலாம். இதற்குமேல் நல்லது கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

சிங்கப்பூர் ஆற்றில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டதற்கு: 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றில் நடந்த வேலைக்குத் ‘துப்புரவு’ என்ற சொல்லே சரி. அந்தக் காலத்தில் கரையோரச் சிறுதொழில்களும் தெருக்கடைகளும் அகற்றப்பட்டன. சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. ஒரு காலத்தில் அந்தப் படகுகளை ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களும் இருந்தார்கள் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. பின்னால் கிடங்குகள் உணவகங்களாக மாறியது மறுவாக்கம். துப்புரவு முதல் கட்டம், மறுவாக்கம் அடுத்த கட்டம் என்று இரண்டையும் தனியாக வைத்தால் குழப்பம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பில்பாவோவின் இடக்கரையில் செஸ்தாவோ, பரகால்தோ என்ற தொழிலாளர் ஊர்கள் உள்ளன. உலைக்களத்தில் வேலை பார்த்தவருக்கு அருங்காட்சியகத்தில் வேலை இல்லை. கரை மாறிய பிறகு வாடகை ஏறிப் பழைய குடிகள் வெளியேறுவதற்கும் ஒரு சொல் வேண்டும். அதை மறுவாக்கத்தோடு சேர்த்து அடைக்காமல் தனி இழையில் பேசுவோம். அது வலியை மறைக்கும் மென்மையான சொல்லாக இருந்துவிடக்கூடாது.

சொல்லடைவுக்கு நான் எழுதிய வரைவு இது:

ஆற்றங்கரை மறுவாக்கம் (பெ.): தொழில் ஓய்ந்து சீர்கெட்ட நகர ஆற்றங்கரையில் நீரையும் மண்ணையும் தூய்மைப்படுத்தி, நில உடைமையையும் பயன்பாட்டையும் மாற்றி, குடியிருப்பு, பொதுவெளி, புதிய தொழில் ஆகியவற்றை உருவாக்கும் நீண்டகாலத் திட்டப்பணி.

ஓர் ஐயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘மறுவாக்கு’ என்று வினையாக்கினால் மறுவாக்குப்பதிவு நினைவுக்கு வருகிறது. ‘மறுவாக்கம் செய்’ என்று எழுதிச் சமாளிக்கலாம். யாழ்ப்பாணத்து அக்கா ‘மீளாக்கம்’ இலங்கையில் பழகிய வடிவம் என்கிறார். அதில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ‘வேறு’ என்ற பொருள் போய்விடுகிறது. அங்கே அந்தச் சொல் எந்தத் துறைகளில் நிலைத்துவிட்டது என்று அவர் எழுதினால், அதைப் பார்த்துவிட்டு வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்