ப்ரீசெட்டுக்கு நல்ல தமிழ் வேணுமுங்க (ஞாயித்துக்கெழமை வகுப்பு)

கோபி (கோபிசெட்டிபாளையம்), ஸ்டுடியோ:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை ஸ்டுடியோ மாடில பத்துப் பசங்களுக்கு லைட்ரூம்ங்கற படம் சரிபண்ற சாஃப்ட்வேர் சொல்லித்தர்றேன், எல்லாம் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க எறங்கற பசங்க, தமிழ்லயே படிச்சவங்க. பன்னெண்டு பக்கம் குறிப்பு எழுதி முடிச்சாச்சு, சனிக்கெழம காலைல ஜெராக்ஸ் கடைக்குப் போகோணும், ஒரே எடத்துல மாட்டிக்கிட்டு நிக்கறேன். ப்ரீசெட். ஒரு கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் படம் வருது, ஒவ்வொண்ணுக்கா எக்ஸ்போஷர், ஹைலைட், ஷேடோன்னு தள்ளிக்கிட்டு இருந்தா ஆல்பம் குடுக்க மூணு மாசமாகும். அதனால ஒரு படத்துல சரிபண்ணின அளவையெல்லாம் ஒரு பேரு போட்டுச் சேமிச்சு வெச்சு மத்த படத்துமேல ஒரே தட்டுல போட்டுர்றோம். படத்தைச் சேமிக்கறதில்லீங்க, அளவ மட்டும்தான். 2018 ஏப்ரல்ல வந்த லைட்ரூம் கிளாசிக் 7.3ல இருந்து அது எக்ஸ்எம்பி ஃபைலு, நோட்பேடுல தொறந்தா எக்ஸ்போஷர் இத்தன, கான்ட்ராஸ்ட் இத்தனன்னு வரிவரியா எழுத்தாவே இருக்கும். நான் முன்னமைவுன்னு எழுதினேன், என் பையன் படிச்சுப்போட்டு "ஏப்பா, இது டீஃபால்ட்டா"ன்னு கேக்கறான். டீஃபால்ட்டுன்னா நாம தொடாத வரைக்கும் சாஃப்ட்வேரே வெச்சிருக்கற அளவு. வேற ஏதாச்சும் சொல்லுங்க.

பெருந்துறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, முன்னமைவில் பிழை ஒன்றுமில்லை. முன் + அமைவு, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், அவ்வளவுதான். நன்னூல் செய்த பவணந்தியார் நம் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்லி வருகிறோம், அவர் ஊரில் இருந்துகொண்டு புணர்ச்சி பிசகாத சொல்லைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. குழப்பம் வருவது 'முன்'னால். டீஃபால்ட்டுக்கு முன்னிருப்பு என்று எழுதிவிட்டார்கள், இதற்கும் அதே முன். போதாததற்கு முன் என்ற சொல்லே இரண்டு பக்கமும் பார்க்கும். முன்னோர் என்றால் நமக்கு முந்திப் போனவர், முன்னேறு என்றால் இனிமேல் போகவேண்டிய பக்கம். காலத்தில் பின்னால், இடத்தில் எதிரில். இதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.

திருப்பூர், சாயப்பட்டறை லேப்:
அண்ணா, எங்க வேலையும் இதேதானுங்க. பார்ட்டி ஒரு கலர் துணி குடுத்தா லேப் டிப் (சின்னத் துணில மாதிரிச் சாயம்) போட்டு எந்தச் சாயம் எத்தன சதவீதம், உப்பு எத்தன, எந்தச் சூட்டுல எத்தன நேரம்னு எழுதி வெப்போம், அதுக்கு ரெசிபின்னு பேரு. ஃபியூஜி கேமராக்காரங்களும் ரெசிபின்னுதான் சொல்றாங்களாமா. ஆனா ஒண்ணு பாருங்க, அதே ரெசிபிய வேற நூல்ல பின்னின துணிக்குப் போட்டா ஷேடு அப்படியே வராது, ஒரு கை கூட்டிக் கொறைக்கோணும். உங்க படத்துலயும் அப்படித்தானே? அந்த விஷயம் பேர்லயே தெரிஞ்சா பசங்களுக்கு நல்லதுங்க.

சென்னிமலை, தறிக்காரர்:
இதுக்கு எதுக்குங்க இத்தன தேடறீங்க, நம்மகிட்டயே இருக்குது. அட்டை. ஜக்கார்டு தறில மேல தொங்குதே அந்த அட்டைதானுங்க. ஒரு ஊடைக்கு, அதான் குறுக்கு நூலுக்கு, ஒரு அட்டை, ஓட்டை இருக்கற எடத்துல பாவு நூல் மேல ஏறும், இல்லாத எடத்துல கீழ நிக்கும். டிசைன அட்டைல ஒருக்கா அடிச்சு வெச்சாப் போதும், அப்பறமேட்டு நூறு பெட்ஷீட்டுக்கு அதே பூதான். எங்கப்பா காலத்து அட்டை இன்னும் அட்டத்துல கெடக்குது. சேமிச்சு வெச்ச வேலைன்னா இதவிட வேறென்ன இருக்குது, கோபிக்காரரு அட்டைன்னே போடுங்க.

கோவை, மென்பொருள் தமிழாக்கம்:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பையன் ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா டெவலப் பக்கத்துல இடதுபக்கம் தேடப்போறது ப்ரீசெட்ஸ்ங்கற வார்த்தைய, மெனு பூரா இங்கிலீஷ்தான். நீங்க அட்டைன்னு எழுதினா அவன் அட்டைய எங்கன்னு தேடுவான்? நான் பத்து வருஷமா மென்பொருள் மொழிபெயர்க்கறேன், புரியாத தூய தமிழ் போட்டதும் மக்கள் இங்கிலீஷுக்கே மாத்திக்கறத கண்ணால பாத்தவன். ப்ரீசெட்டுன்னே எழுதுங்க, தமிழ் ஒண்ணும் கொறஞ்சுபோகாது.

பெருந்துறை:
இதை ஏற்க முடியாது. கலைக்கதிர் என்ற அறிவியல் மாத இதழ் வந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? ஜி.ஆர். தாமோதரன் அறிவியலைத் தமிழில் எழுதலாம் என்று மாதாமாதம் காட்டியது உங்கள் கோவையிலிருந்துதான். விசைத்தறி என்ற சொல் தறிக்காரர் சங்கங்களின் பெயர்ப்பலகையில் நிற்கிறதா இல்லையா? பேச்சில் பவர்லூமும் இருக்கிறது, ஒன்றை ஒன்று அடித்துத் தின்னவில்லை.

கோபி:
ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. திருப்பூர் அம்மிணி சொன்னது என் மனசுல அப்படியே நிக்குது, ஏன்னு சொல்றேன். மொத வருஷம் ஒரு கல்யாணம் எடுத்தேன். வெளிய பொண்ணு மாப்பிள்ளைய வெயில்ல எடுத்த படத்துல அழகா கலர் வந்துச்சு, அதை ப்ரீசெட்டா போட்டேன், சேமிக்கறப்ப வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட கலருக்கேத்த அளவு) டிக்கையும் எடுக்காம விட்டுட்டேன், அதுல 5500 கெல்வின்னு ஒக்காந்துக்கிச்சு. உள்ள இணைச்சீர்ச் சடங்கு நடந்த எடத்துல பூரா மஞ்ச பல்பு, அது 3000 பக்கம். இம்போர்ட் பண்றப்பவே எல்லாப் படத்துக்கும் அதே ப்ரீசெட்டப் போட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கத்துல எக்ஸ்போர்ட் குடுத்துட்டேன். பொண்ணு மொகம், கூரச்சேலை, பின்னாடி நின்ன அத்தைக எல்லாரும் ஆரஞ்சு. பொண்ணோட அம்மா படத்த ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. ஒரிஜினல் ஃபைலு கெடாததனால திருப்பி சரிபண்ணிக் குடுத்தேன், ஆனா அந்த அம்மா மொகம் இன்னும் கண்ணுல நிக்குது.

அதுக்கோசரந்தான் அட்டை எனக்கு ஒத்துவரலைங்க. அட்டைல அடிச்சது எல்லாத் துணிலயும் அதே பூவா வரும், ப்ரீசெட்டு அப்படி வராது. எனக்குத் தோணுறது பதம். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புப்பால் காச்சற ஆலைக் கொட்டாய்ல கொப்பரைக்குப் பக்கத்துல நிக்கறவரு பாகுல ஒரு சொட்டு எடுத்துத் தண்ணில விட்டு வெரல்ல உருட்டிப் பாப்பாரு, உருண்டு நின்னா எறக்கச் சொல்லுவாரு. நேத்து காச்சின அதே அடுப்பு அதே கரும்புதான், ஆனாலும் ஒவ்வொரு கொப்பரைக்கும் பாப்பாரு. பதம்னு சொன்னா சேமிச்ச அளவும் வந்துருச்சு, போட்டுட்டுப் பாக்கோணும்ங்கறதும் வந்துருச்சு. ஐயா, இதுக்கு இலக்கணம் எடங்குடுக்குமுங்களா?

பெருந்துறை:
நல்ல சொல், ஆனால் இரண்டு பதம் இருக்கிறது தம்பி. "எழுத்தே தனித்தும் தொடர்ந்தும் பொருள்தரின் பதமாம்" என்று நன்னூலின் பதவியல் தொடங்குகிறதே, அது சொல் என்ற பொருள், வடமொழி வழி. மற்றது செவ்வி, அதாவது ஏற்ற தருணம், ஏற்ற நிலை. குறளில் 548ஆம் குறள் "எண்பதத்தான்" என்று தொடங்கும், எளிய செவ்வி உடையவன், எளிதில் காணக்கூடியவன் என்று பொருள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இந்தப் பக்கம்தான். பதப்படுத்துதல், பதநீர் எல்லாம் இதே குடும்பம் என்பது என் எண்ணம். பக்குவம் என்று மட்டும் போய்விடாதீர்கள், அது பக்வ, வடசொல்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு:
ஐயா, பதநீர்னு நம்ம பக்கம் யாருங்க சொல்றா, தெளுவுதானே? தெளிஞ்ச நீரு தெளுவு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி விடறதால புளிக்காம தெளிவா நிக்குது. அப்பறம் பக்குவம் வடசொல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எங்கம்மா கைப்பக்குவம்னு சொல்லாத நாளில்ல, அதை எப்படி வேத்துச்சொல்லுங்கறது? ஒரு போட்டோகிராபர் தன் ப்ரீசெட்ட விக்கறான்னா அவன் கைப்பக்குவத்தத்தானே விக்கறான். ஆனா பதம் வேண்டாமுங்க. கத்தி வெரல பதம் பாத்துருச்சும்போமே, "படத்தைப் பதம் பாத்தேன்"னா கெடுத்தேன்னுதான் எடுத்துக்குவாங்க. முன்னமைவே இருக்கட்டும்.

திருப்பூர்:
நான் பதம்தானுங்க. எங்க மாஸ்டரே பதம் பாத்து எறக்குன்னுதான் சொல்லுவாரு.

கோவை:
தமிழ்ச் சொல்லுதான் வேணும்னா முன்னமைவு போடுங்க, அதாவது ஏற்கெனவே புழங்குது. பக்கத்துலயே ப்ரீசெட்டுன்னும் எழுதிருங்க.

கோபி:
வெள்ளிக்கெழம ராத்திரி பதினொண்ணு ஆச்சுங்க. முன்னமைவுக்கு மூணு பேரு, பதத்துக்கு நானும் திருப்பூரும், அட்டைக்கு ஒருத்தரு. தலைப்புல முன்னமைவுன்னும் மொத வரில ப்ரீசெட்டுன்னும் போட்டுட்டேன், முன்னிருப்ப எல்லா எடத்துலயும் எடுத்துட்டு டீஃபால்ட்டுன்னே எழுதிட்டேன், பையன் இப்பக் குழம்பலைங்கறான். ஏழாம் பக்கத்துல வைட் பேலன்ஸ் டிக்க எடுக்கச் சொல்ற எடத்துல மட்டும் "ஒவ்வொரு படத்துலயும் பதம் பாருங்க"ன்னு எழுதியிருக்கேன், பொள்ளாச்சிக்காரரு மன்னிக்கோணும், அதை எடுக்க மனசு வரல.

சென்னிமலை:
முன்னமைவுக்கு நான் ஒத்துக்கல, எழுதி வெச்சுக்குங்க. கயித்துல கோத்த பழைய அட்டை ஒரு பத்து இருக்குது, காலைல பஸ்ஸுல குடுத்து உடறேன். கோபி பஸ் ஸ்டேண்டுல கண்டக்டர்கிட்ட வாங்கிக்குங்க, பசங்க கையில குடுத்துக் காட்டுங்க.