லினக்ஸில் மூன்று பார்ட்டிஷனும் தெரிகிறது, விண்டோஸில் ஒன்றுதான்

கேள்வி
1 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், எம்பிஆர் டேபிள் (பார்ட்டிஷன் பட்டியலை டிஸ்கின் முதல் செக்டரில் வைக்கும் பழைய முறை). லினக்ஸில் எஃப்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவி மூலம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன் போட்டு, மூன்றையும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்தேன். லினக்ஸில் மூன்றும் மவுண்ட் ஆகின்றன. விண்டோஸ் 10-இல் முதலாவதுக்கு மட்டும் டிரைவ் லெட்டர் வருகிறது. மற்ற இரண்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாமல் நிற்கின்றன. ரைட் கிளிக் செய்தால் 'டெலீட் வால்யூம்' மட்டும்தான் வேலை செய்கிறது. ஒரு டிஸ்கில் ஒரு பிரைமரியைத்தான் விண்டோஸ் ஏற்குமா?

பதில் 1
எம்பிஆரில் போடக்கூடிய நான்கு பிரைமரியையும் ஏற்கும். அந்த டெலீட்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள். எஃப்டிஸ்க்கில் லிஸ்ட் எடுத்து 'ஐடி' நெடுவரிசையைப் பாருங்கள், 83 என்று இருக்கும்.

முதல் செக்டரின் 512 பைட்டில், 446 பைட் தள்ளி, 16 பைட் வீதம் நான்கு என்ட்ரி. ஒவ்வொன்றிலும் ஐந்தாவது பைட்தான் டைப். விண்டோஸ் அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழையும். 83 என்றால் லினக்ஸ் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடும். லினக்ஸோ, எக்ஸ்டெண்டட் (உள்ளே வேறு பார்ட்டிஷன்களை வைக்கும் வகை) போன்ற சில டைப் எண்களைத் தவிர மற்றதைச் சட்டை செய்யாது. மவுண்ட் செய்யும்போது பார்ட்டிஷனின் தொடக்கத்தையே படித்து என்டிஎஃப்எஸ் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடும். ஃபார்மேட் கட்டளை பார்ட்டிஷனுக்குள் எழுதுமே ஒழிய, டேபிளில் உள்ள டைப்பை மாற்றாது. எஃப்டிஸ்க் போட்ட 83 அப்படியே கிடக்கும்.

கேட்டவர்
சரிதான் சார். முதலாவது 7, மற்ற இரண்டும் 83. உள்ளே 400 ஜிபி டேட்டா இருக்கிறது, போகாமல் மாற்ற முடியுமா?

பதில் 1
முடியும், மாறப்போவது இரண்டே பைட். முதலில் எஃப்டிஸ்க்கின் உறவுக் கருவியான எஸ்எஃப்டிஸ்க்கின் டம்ப் வசதியால் டேபிளை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அன்மவுண்ட் செய்துவிட்டு, எஃப்டிஸ்க்குக்கு முழு டிஸ்கைக் கொடுங்கள். கடைசியில் பார்ட்டிஷன் எண் வரக்கூடாது. டைப்புக்கான 'டி', பிறகு 2, பிறகு 7. அதேபோல 3-க்கும். பிரிண்ட் செய்து பாருங்கள்: ஸ்டார்ட், எண்ட் எண்கள் பழையபடியே இருந்தால் 'டபிள்யூ'.

தமிழில் எழுதினால் டைப்பும் 'டி', டெலீட்டும் 'டி'! கை தவறி டெலீட் அழுத்திவிட்டால் பதறாமல் 'க்யூ' கொடுத்து வெளியேறுங்கள். 'டபிள்யூ' கொடுக்கும்வரை டிஸ்கில் எதுவும் எழுதப்படாது.

பதில் 2
மாற்றிய பிறகு டிஸ்கைக் கழற்றி மாட்டுங்கள். அப்போதும் லெட்டர் தானாக வராவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' இப்போது உயிர்பெற்றிருக்கும்.

இதே அறிகுறி பென் டிரைவில் வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். ரிமூவபிள் என்று அறிவித்துக்கொள்ளும் சாதனத்தில், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்புக்கு முன்புவரை முதல் பார்ட்டிஷன் மட்டுமே தெரியும். ஐடி 17 என்றிருந்தால் அது மறைத்துவைத்த என்டிஎஃப்எஸ். பழைய பூட் மேனேஜர்கள் செய்யும் வேலை. அதையும் 7 ஆக்கினால் போதும்.

பதில் 3
இந்த டிஸ்கை அப்படியே குளோன் செய்து இரண்டையும் ஒரே விண்டோஸில் மாட்டாதீர்கள். எம்பிஆரில் 440 பைட் தள்ளி 4 பைட் டிஸ்க் சிக்னேச்சர், அதாவது டிஸ்கின் அடையாள எண், இருக்கிறது. அதையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் சேர்த்துத்தான் விண்டோஸ் டிரைவ் லெட்டரை நினைவில் வைக்கிறது. இரண்டு டிஸ்கிலும் ஒரே சிக்னேச்சர் என்றால் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடும்.