செந்தூல் வீடு – குடும்பக் குழு

அம்மா (இரவு 8.12): அண்ணா, பாப்பா பயிற்சியிலிருந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல், "கிரிக்கெட்டையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறேன்" என்கிறாள். படிவம் நான்கில் படிக்கிற பிள்ளை, அடுத்த ஆண்டு எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு. முதல் மட்டையை வாங்கித் தந்தது நீங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கள்.

மாமா (8.15): மட்டைதான் வாங்கித் தந்தேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லையே!

நான் (8.16): இங்கே பாயுமாஸ் ஓவல் மைதானத்தில் நாம் பார்த்த இந்திய அணிக் கமலினி மட்டும் எப்படி, மாமா? 2025 பிப்ரவரி 2, 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம். அப்போது அவருக்கு 16 வயது. அதற்கு முன்பே மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் அணி அவரை 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்துவிட்டது.

மாமா (8.19): தென்னாப்பிரிக்கா 82க்குச் சுருண்டு, நம் வடைப் பொட்டலம் தீர்வதற்குள் ஆட்டமே முடிந்ததே, அதுதானே? கண்ணு, அந்தப் பெண் தமிழ்நாட்டு அணியில் ஆடி மேலே போனவர். அங்கே ஏறுவதற்குப் படிகள் இருக்கின்றன.

நான் (8.20): எனக்கு நாள் முழுக்க நின்று ஆடத்தான் ஆசை. ரஞ்சிக் கோப்பை போல.

மாமா (8.24): அங்கேதான் இடிக்கிறது. ரஞ்சி, இந்திய மாநில ஆண்கள் அணிகள் நாள்கணக்கில் ஆடும் போட்டி, 1934 முதல் நடக்கிறது. இப்போது 38 அணிகள். 32 மேல் பிரிவில், 6 பிளேட் என்ற கீழ்ப் பிரிவில். பெண்களுக்கோ மாநில அணிகள் மோதுவது ஒருநாளிலும் இருபது ஓவரிலும்தான். நாள்கணக்கில் ஆடும் போட்டி 2018க்குப் பிறகு நின்றுபோய், 2024இல்தான் புனேயில் திரும்ப வந்தது. அதுவும் 6 மண்டல அணிகளுக்கு மட்டும். இருபது ஓவர் மகளிர் பிரீமியர் லீக்கோ 2023லேயே வந்துவிட்டது. மாடியைக் கட்டிவிட்டுப் படிக்கட்டுக்குச் செங்கல் தேடுகிறார்கள்.

பெரியப்பா (8.25): 🌹 இரவு வணக்கம்

லீட்ஸ் அண்ணன் (8.31): இங்கே மதிய இடைவேளை. மாமா, இங்கிலாந்திலும் அதே கதைதான். ஆண்களுக்கு 18 கவுண்டிகள், அதாவது மாவட்ட அணிகள், இரண்டு பிரிவுகள், தோற்றால் கீழே இறங்க வேண்டும். பெண்களுக்கு 2020 முதல் 8 வட்டார அணிகளை வைத்திருந்தார்கள். 2025இல் அவற்றைக் கலைத்துவிட்டு, விண்ணப்பித்துத் தேர்வான 8 கவுண்டிகளிடம் மேல்மட்டத்தை ஒப்படைத்தார்கள். ஆண்கள் கவுண்டி சாம்பியன்ஷிப்பை மிக அதிக முறை வென்ற எங்கள் யார்க்‌ஷருக்கு அந்த எட்டில் இடமில்லை! 2026இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஊர்ப் பேருந்து ஓட்டுநரிடம் இதைப் பேசிப் பாருங்கள், நிறுத்தமே தாண்டிவிடும்.

பெரியப்பா (8.33): அங்கே நூறு என்று ஒரு போட்டி இருக்கிறதாமே. நூறு ஓட்டம் எடுத்தால் போதுமா?

லீட்ஸ் அண்ணன் (8.34): நூறு பந்துகள், அப்பா. 2021இல் தொடங்கியது. ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே டிக்கெட்டில் பெண்கள் ஆட்டம், அடுத்து ஆண்கள் ஆட்டம். ஆண்களைப் பார்க்க வந்தவர்களும் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் பாப்பா கேட்கிற நான்கு நாள் ஆட்டம் கவுண்டிப் பெண்களுக்குக் கிடையாது. நாட்டு அணிக்காக டெஸ்ட் ஆட மட்டும் நேரே இறக்கிவிடுவார்கள்.

அம்மா (8.36): மற்றதெல்லாம் இருக்கட்டும். சம்பளம் தருகிறார்களா?

லீட்ஸ் அண்ணன் (8.38): தருகிறார்கள், சித்தி. தேசிய அணிக்கு வெளியே முழுநேர ஒப்பந்தம் வந்தது 2020 இறுதியில்தான். முதலில் 41 பேர். அதுவரை வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்கள்தான் அதிகம்.

அம்மா (8.39): ஆக, படிப்பை விட முடியாது.

மாமா (8.40): நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீயே சொல்லிவிட்டாய். பாப்பா, இங்கே முதலில் மாநில அணித் தேர்வில் நில். இன்றைய பயிற்சியில் எத்தனை பந்து ஆடினாய்?

நான் (8.42): ஒன்பது. பையன்கள் முடித்த பிறகுதான் எங்களுக்கு வலை. ஐந்தரைக்கு மேல் கொடுத்தார்கள், ஐந்தே முக்காலுக்கு மழை. கைப்பிடி ரப்பர் வேறு சுருண்டு கட்டைவிரலை அறுக்கிறது.

மாமா (8.45): சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். ரப்பரை மாற்றிவிட்டு, மழைக்கு முன்னால் நூறு பந்தாவது நானே போடுகிறேன்.

பெரியப்பா (8.46): உன் தோள்பட்டைக்கு இருபது போதும்.

நான் (8.46): நாள்கணக்கில் ஆடும் சிவப்புப் பந்து, மாமா. வெள்ளை வேண்டாம்.

அம்மா (8.48): பத்து மணிக்கு டியூஷன். அண்ணா, வடையும் நீங்களே வாங்கி வாருங்கள்.