வயல் பட்டாவும் பெரியப்பா பாஸ்புக்கும்

அம்பை சித்தப்பா: விவசாயிகளுக்கு மத்திய அரசு தருகிற பிஎம் கிசான் பணம் அடுத்த தவணை வர வேண்டுமென்றால் இந்தக் கோப்பைப் போனில் ஏற்றச் சொல்லி வந்திருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் வந்திருக்கிறது. பெரியம்மைக்கும் நிலம் இருக்கிறதே என்றுதான் நம் குடும்பக் குழுவில் போட்டேன்.

நான்: சித்தப்பா, அதைத் தொடவே தொடாதீர்கள். இங்கே போட்டதையும் உடனே எல்லோருக்கும் அழித்துவிடுங்கள், பெரியம்மை கை தெரியாமல் பட்டுவிட்டால் வம்பு. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிகிறது பாருங்கள், அது ஒரு செயலி. ஏற்றினவுடன் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், சரி என்று அமுக்கிவிட்டால் வங்கியிலிருந்து நமக்கு வருகிற ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். கிசான் பணம் வருடத்துக்கு 6000, 2000 வீதம் மூன்று தவணை, அதற்கு எந்தக் கோப்பும் ஏற்ற வேண்டியதில்லை. வந்ததா இல்லையா என்று பார்க்க பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டால் போதும்.

அம்பை சித்தப்பா: அழித்துவிட்டேன் தம்பி. பக்கத்து வீட்டுப் பையன் காலையிலேயே ஏற்றிவிட்டான் என்றான்.

நான்: அப்படியானால் இப்பவே அவனை நெட்டை அணைக்கச் சொல்லுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வைக்கட்டும். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு, பணம் கைமாறுவதற்குள் இடையில் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கிடைக்காது.

அம்பை சித்தப்பா: இதோ போகிறேன்.

பாளை மதினி: சித்தப்பா வருவதற்குள் நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அதான் நிலம் யார் பெயரில் எவ்வளவு என்று காட்டுகிற தாள், கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னார்கள். கடையில் போய் எடுத்தால் இருநூறு கேட்கிறானாம், அதுவும் இரண்டு நாள் கழித்து வா என்கிறானாம். வீட்டிலேயே எடுக்க முடியுமா தம்பி?

நான்: முடியும் மதினி, காசே கிடையாது. தமிழ்நாடு அரசின் ஈசர்வீசஸ் தளம், அதுவும் ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும். பட்டா சிட்டா பார்வையிட என்று இருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணும் உட்பிரிவு எண்ணையுமோ போட்டால் வந்துவிடும். வருகிற தாளில் ஒரு க்யூஆர் கட்டம் இருக்கிறதே, சொசைட்டிக்காரர் அதைப் போனில் ஸ்கேன் செய்து பார்த்து உண்மையா என்று தெரிந்துகொள்ளலாம், அதனால் கையெழுத்து முத்திரை என்று அலைய வேண்டாம். அதே இடத்தில் கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேடும் இருக்கிறது, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் இருக்கிறது. நம் கல்லிடைக்குறிச்சி வயலின் புலப்படத்தை நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய்க்கால் ஓரமாக நம் வரப்பு எங்கே வளைகிறதோ அங்கே கோடும் அப்படியே வளைகிறது, ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் மீட்டரில் எழுதியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு சர்வேயரைக் கூப்பிட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வள்ளியூர் அத்தான்: மாப்ளே, பட்டாவை மட்டும் நம்பி யாரும் உட்காரக் கூடாது, அதையும் சேர்த்துச் சொல். பட்டா வருவாய்த் துறை ஆவணம், நிலம் யாருடையது என்பதற்குப் பத்திரம்தான் பேசும். நான் போன வருடம் மனை வாங்கும்போது பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் உட்கார்ந்து வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பார்த்தேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, கையொப்பமிட்ட நகல் வேண்டுமென்றால்தான் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், பத்திர எண், நான்கு எல்லை எல்லாம் வரிசையாக வரும். அடமானம் பதிவாகி, அது தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகாமல் கிடந்தால் அதுவும் தெரிந்துவிடும். எனக்கு அங்கேதான் ஒன்று மாட்டியது, முதலில் பார்த்த மனையை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று, பதிவான பத்திரம் மட்டும்தான் அதில் வரும். நம் தாத்தா வயலை மூன்று பேருக்கும் திண்ணையில் உட்கார்ந்து வாயால் பிரித்துக் கொடுத்தாரே, அது எந்தக் காலத்திலும் வில்லங்கத்தில் வராது.

நான்: அத்தான் சொன்னதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் நிற்கிறது, அதிலும் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. பட்டா மாறுதலுக்குத் தமிழ்நிலம் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். பெரியப்பாவும் போய்விட்டார், இன்னும் தள்ளினால் அடுத்த தலைமுறைக்கு வாரிசு இருபது பேர் ஆகிவிடுவார்கள், ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும்.

அம்பை சித்தப்பா: வந்துவிட்டேன். பையன் வங்கிக்குச் சொல்லிவிட்டான், பணம் போகவில்லை. பட்டா விஷயம் நான் எப்போதும் சொல்வதுதான், எனக்குச் சம்மதம். என் பங்குக்கு என்ன தாள் வேண்டுமோ சொல் லே, எடுத்து வைக்கிறேன்.

சென்னை தங்கச்சி: சித்தப்பா, பிசான நெல்லுக்கு உரம் போடும் முன் வானிலை மையத்தின் மௌசம் தளத்தில் ராடார் படத்தைப் பாருங்கள். நம் பக்கம் மலையோர மழைக்குத் திருவனந்தபுரம் ராடார் நன்றாகக் காட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று நம் கண்ணாலேயே தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு நம் குழுவில் ஓடியதில் பாதி பொய், அணை உடைந்தது என்றுகூட ஒருவர் போட்டார். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பிலேயே வருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசலாமே என்று எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது, அம்மா திருநெல்வேலி ஜங்ஷனில் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

பாளை மதினி: ஆமாம், அந்த இரண்டு நாளை மறக்க முடியாது.

பெரியம்மை: எல்லாரும் நல்லா இருங்க. நான் எழுதலை, மைக்கை அமுக்கிப் பேசுகிறேன், போனே எழுதுகிறது. பெரியப்பா பெட்டியில் ஒரு பாஸ்புக் கிடந்தது ராசா. டெபாசிட் போட்டிருக்கார் போல. எந்த வருசம் என்று மை அழிந்துபோச்சு. அந்தக் கிளையே இப்போது அங்கே இல்லை என்கிறார்கள். பணம் போனது போனதுதானா?

நான்: போகவே போகாது பெரியம்மை. பத்து வருடம் யாரும் கேட்காமல் கிடக்கிற பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு அனுப்பிவிடும், ஆனால் சொந்தக்காரரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்று ஒரு தளம் திறந்தது. இது மட்டும் ஜிஓவி என்று முடியாது, ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்று முடியும், குழம்ப வேண்டாம். என் எண்ணில் பதிந்து நானே தேடுகிறேன். பெரியப்பா பெயரும், அவர் வாக்காளர் அட்டை எண்ணோ பான் எண்ணோ பிறந்த தேதியோ ஏதாவது ஒன்றும் இருந்தால் போதும். அந்த அட்டையை எடுத்து மதினியிடம் கொடுங்கள், குழுவில் படம் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்பட்டும்.

வள்ளியூர் அத்தான்: கிளை மூடினாலும் கணக்கு வேறு கிளைக்குப் போயிருக்கும். வங்கியே இன்னொரு வங்கியோடு சேர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

பாளை மதினி: பெயரை இனிஷியலோடும் போட்டுப் பாருங்கள் தம்பி, இல்லாமலும் போட்டுப் பாருங்கள். பெரிய மாமா அந்தக் காலத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதிக் கொடுத்திருப்பார்.

நான்: நல்ல யோசனை மதினி, ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். கிடைத்தால் ஒரு குறிப்பு எண் வரும். அதைக் கொண்டு வங்கியில் கேட்க வேண்டும், தளத்திலேயே பணம் வராது. அதனால் பணத்தை எடுத்துத் தருகிறேன், முன்பணம் கட்டு என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடுங்கள் பெரியம்மை. அப்புறம், பாஸ்புக்கில் நியமனதாரர் என்று உங்கள் பெயர் இருக்கிறதா?

பெரியம்மை: மதினி பார்த்துச் சொல்லுவா.

பாளை மதினி: சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நான்: இருந்தால் இறப்புச் சான்றும் பெரியம்மையின் ஆதார் போன்ற அடையாளமும் கொண்டு போனால் வேலை சுலபம். இல்லாவிட்டால் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். அதைத்தான் பட்டாவுக்கும் எடுக்கப்போகிறோம், ஒரே அலைச்சலில் இரண்டும் முடிந்துவிடும்.

சென்னை தங்கச்சி: பெரியம்மை சர்க்கரை மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? மத்திய அரசின் மலிவு விலை ஜன் ஔஷதி மருந்துக் கடைகளுக்கு ஜன் ஔஷதி சுகம் என்று ஒரு செயலி, ப்ளே ஸ்டோரில் இருந்தே எடுக்கலாம். மருந்தின் மூலப்பெயரைப் போட்டால் அங்கே என்ன விலை, பக்கத்தில் எந்தக் கடை என்று காட்டும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றலாம்.

பெரியம்மை: சீட்டை அனுப்பச் சொல்கிறேன் கண்ணு.

அம்பை சித்தப்பா: வெள்ளிக்கிழமை நான் பாளைக்கு வருகிறேன். மதினி, பாஸ்புக்கையும் தாத்தா காலத்துப் பத்திரத்தையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், தாலுகா ஆபீஸுக்கு நானே எடுத்துப் போகிறேன்.

நான்: மூலப் பத்திரம் வேண்டாம் சித்தப்பா, நகல் எடுத்துக் கொண்டுபோங்கள்.